அஷ்டமி கழியட்டும்

அக்டோபர் 23, வியாழன்

பல் டாக்டர் சொன்னதால் இதை எழுதுகிறேன். எப்போது வலிக்கிறது, சூட்டுக்கா குளிருக்கா, கடித்தாலா சும்மா இருந்தாலா என்று குறித்துக்கொண்டு வரச் சொன்னார். மகள் நறுமுகை போன வருடம் பாதியில் விட்ட பள்ளி நோட்டு ஒன்று கிடந்தது. முதல் பக்கத்தில் ஒட்டகச்சிவிங்கி வரைந்து வைத்திருக்கிறாள். அது பாட்டுக்கு இருக்கட்டும்.

குற்றவாளி நான் சுட்ட முறுக்குதான். இங்கே கனடாவில், ஸ்கார்பரோவில் கிடைக்கிற அரிசி மாவுக்கும் எனக்கும் நாலு வருடமாக ஒத்துப்போகவில்லை. தீபாவளியன்று கடித்ததும் சட்டென்று ஒரு சத்தம். முறுக்கு உடைந்தது என்று நினைத்தேன். உடைந்தது வலப்பக்கம் மேலே, சிரித்தால் தெரிகிற பல்.

கரூரில் என்றால் கிராம்பை வைத்துக்கொண்டு பத்து நாள் தள்ளியிருப்பேன். என் வீட்டுக்காரர் நல்லசிவமும் அந்த ஜாதிதான். பல்லுக்கெல்லாம் ஆஸ்பத்திரியா என்பார். இந்தத் தடவை அவரே போன் போட்டு நேரம் வாங்கினார். எங்கிருந்தோ கம்பெனி இன்சூரன்ஸ் புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டு, காலையில் தோசையைப் பிய்த்துப் பிய்த்து எனக்கும் மகளுக்கும் பாடம் நடத்தினார்.

"சுத்தம் பண்றதுக்கு, சோதிக்கறதுக்கு முழுத் தோசையும் அவங்களுது. அடைக்கறது, ரூட் கேனல் இதுக்கெல்லாம் அஞ்சு துண்டுல நாலு அவங்க, ஒண்ணு நாம. கேப் போட்டா பாதிக்குப் பாதி. இதெல்லாம் சேத்து வருசத்துக்கு இவ்வளவுதான்னு ஒரு உச்சவரம்பு. உபயோகிக்காட்டி அடுத்த வருசத்துக்கு வராது, போனது போனதுதான்."

"இத்தன நாளா எங்க இருந்துச்சுங்க இந்தப் புத்தகம்?" என்றேன்.

"நாலு வருசமா மாசாமாசம் சம்பளத்துல புடிக்கறாங்க. நாம ஒரு நாளாச்சும் வாயத் தொறந்து காட்டியிருக்கமா? வருசம் முடியறதுக்குள்ள எல்லாத்தையும் முடிச்சரோணும்."

நான் பதில் சொல்வதற்குள் நறுமுகை அவர் உதாரணத்துக்கு வைத்திருந்த பாதித் தோசையைத் தின்றுவிட்டாள்.

டாக்டர் சோய் கொரியாக்காரப் பெண்மணி, அதிகம் பேச மாட்டார். அதற்கும் சேர்த்து முன்மேசையில் இருக்கும் வதனி அக்கா பேசுகிறார். யாழ்ப்பாணத்துக்காரர். என் பெயரைக் கேட்டதும், "தமயந்தியோ, வடிவான பேர்" என்றார். வலிக்கிற வாயோடு சிரித்து வைத்தேன்.

அக்டோபர் 27, திங்கள்

குளிருக்கு வலி. சூட்டுக்கு அதைவிட. கடித்தால் கேட்கவே வேண்டாம்.

இவர் ஆபீஸ் அடையாள அட்டையை ஆணியிலேயே விட்டுவிட்டுப் போனார். லிஃப்ட் வரை ஓடிப் போய் நீட்டினேன். "இன்னிக்கு வேண்டாம்" என்றார். அது இல்லாவிட்டால் வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள் என்று நாலு வருடமாகச் சொன்ன மனிதர். புதுக் கதவு ஏதாவது வைத்திருப்பார்கள்.

நவம்பர் 4, செவ்வாய்

ரூட் கேனல் முடிந்தது. பாதி வாய் என்னுடையதே இல்லை போல இருக்கிறது. காப்பியைக் குடித்தேன் என்று நினைத்தேன், பாதி சேலையில் இருந்தது.

இனி அந்தப் பல்லுக்கு உயிர் கிடையாதாம். காய்ந்த சுள்ளி மாதிரிதான் நிற்கும், மேலே கேப் போட்டு மூடாவிட்டால் ஒரு நாள் பிளந்துவிடும், அப்புறம் பிடுங்குவதைத் தவிர வழியில்லை என்றார் டாக்டர். எனக்கு அந்தப் பாதித் தோசை நினைவுக்கு வந்தது. யோசித்துச் சொல்கிறேன் என்று வாயெடுப்பதற்குள் இவர், "போட்டரலாங்க டாக்டர்" என்று தமிழிலேயே சொன்னார். அந்த அம்மாவுக்கு எப்படியோ புரிந்துவிட்டது.

வேலையைத் தொடங்கும் முன்பே இன்சூரன்ஸ்காரர்களுக்கு எழுதி, எவ்வளவு தருவீர்கள் என்று கேட்டுப் பதில் வாங்கிவிடலாமாம். அப்படி ஒரு வழி இருப்பதே எனக்கு இன்றுதான் தெரியும். வதனி அக்கா உடனே அனுப்பினார். எங்கள் பாதியை நான் வேலை பார்க்கும் குழந்தைகள் காப்பகத்துச் சம்பளத்தில் கொடுப்பதாகச் சொல்லிவிட்டேன். பகுதி நேர வேலைதான், பல்லுக்கும் கண்ணுக்கும் அதில் இன்சூரன்ஸ் கிடையாது. ஆனாலும் என் பல், என் காசு.

ஒன்று எழுத விட்டுப்போயிற்று. வேலை நாளில் இவர் என்னோடு வந்து நாள் முழுக்க உட்கார்ந்திருந்தார். மார்ச்சில் நறுமுகைக்குக் காய்ச்சல் என்றபோது அரை நாள் விடுப்பு தராத மேலாளர் இன்று முழு நாள் கொடுத்துவிட்டாராம். மனுஷன் திருந்திவிட்டார் போல.

நவம்பர் 8, சனி

குடும்பத்தோடு வாயைத் திறந்தோம். மூன்று பேருக்கும் சுத்தம், மூன்று பேருக்கும் சோதனை. முழுத் தோசை. நறுமுகைக்குக் கடைவாயில் சொத்தை வராமலிருக்க ஏதோ பூசினார்கள். இவருக்கு இரண்டு அடைப்பு. அதையும் இன்றைக்கே முடிக்க முடியுமா என்று கேட்டார். முடியாதென்றதும், அடுத்த வாரம், அதற்கு அடுத்த வாரம் என்று நாள்காட்டியில் விரலை வைத்து நின்றார். கல்யாணத்துக்குக் கூட இவ்வளவு அவசரப்பட்டதில்லை.

திரும்பி வரும் வழியில் மகளுக்கு மூக்குக் கண்ணாடியும் மாற்றிவிட வேண்டும் என்றார். "இப்பத்தான மாத்துனோம்" என்றாள் அவள். "இருக்கட்டும், ஒண்ணு வெச்சுக்க" என்றார்.

நவம்பர் 10, திங்கள்

முதல் பனி. வலி இல்லை. மேலாளரைத் திட்டிக்கொண்டே சாப்பிடுகிற மனிதர் ஒரு மாதமாக வாயைத் திறக்கவில்லை. வீடு அமைதியாக இருக்கிறது. எனக்குத்தான் என்னவோ போல் இருக்கிறது.

நவம்பர் 14, வெள்ளி

இன்சூரன்ஸிலிருந்து பாதி தருவதாகப் பதில் வந்துவிட்டது. இன்று பல்லைச் சுற்றிலும் தேய்த்து, அளவெடுத்து, தற்காலிகமாக ஒரு பிளாஸ்டிக் கேப் ஒட்டியிருக்கிறார்கள். அசல் கேப் வெளியில் செய்து வர இரண்டு வாரம் ஆகும். இருபத்தெட்டாம் தேதி, வெள்ளிக்கிழமை, மதியம் வரச் சொன்னார்கள்.

"அதுக்கு முன்னால முடியாதுங்களா?" என்று இவர் கேட்டார்.

வதனி அக்கா சிரித்தார். "உங்கட மனுசனுக்குச் சரியான அவசரம். இன்சூரன்ஸ்காரரின்ர கணக்கு என்னெண்டா தங்கச்சி, அளவெடுத்த நாள் இல்ல, கேப்பைப் பல்லில ஒட்டுற நாள்தான். அண்டைக்குத்தான் நான் பில் அனுப்பலாம். இருவத்தெட்டாம் திகதி மறக்காம வாங்கோ."

கடினமாக எதையும் கடிக்கக் கூடாது, மிட்டாய் கூடாது. இதைச் சொல்லும்போது டாக்டர் என்னைப் பார்க்காமல் இவரைப் பார்த்தார். யார் பொறுப்பானவர் என்று முடிவு பண்ணிவிட்டார் போலிருக்கிறது.

நவம்பர் 19, புதன்

காப்பகத்தில் குழந்தைகளுக்குக் கதைப்புத்தகம் எடுக்க நூலகத்துக்கு அனுப்பினார்கள். வழக்கமாகப் போகும் நூலகம் இல்லை, இரண்டு பஸ் தள்ளி உள்ளது. ஜன்னலோரக் கம்ப்யூட்டரில் இவரைப் போலவே ஒருவர் உட்கார்ந்திருந்தார். அதே நீலக் குல்லா. இந்த ஊரில் பாதிப் பேருக்கு அதே நீலக் குல்லாதான். பக்கத்தில் டிபன் டப்பா திறந்திருந்தது. எலுமிச்சை சாதம் போல மஞ்சளாக இருந்தது. எலுமிச்சை சாதம் யார் வேண்டுமானாலும் கட்டிக்கொண்டு வரலாம்.

கிட்டே போய்ப் பார்க்கவில்லை. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.

சாயங்காலம் டப்பாவைக் கழுவும்போது, "ஆபீஸ்ல என்ன விசேஷம்?" என்று கேட்டேன். "என்ன விசேஷம், எப்பவும் போலத்தான்" என்றார்.

நவம்பர் 20, வியாழன்

வலி இல்லை. எழுத ஒன்றும் இல்லை.

நவம்பர் 25, செவ்வாய்

நல்லவேளை, இன்று நாள்காட்டியைப் பார்த்தேன். கரூர் மளிகைக்கடைக்காரர் கொடுத்த தினசரி நாள்காட்டி, என் தம்பி வருடா வருடம் யாரிடமாவது கொடுத்தனுப்புவான். இருபத்தெட்டு அஷ்டமி. மறுநாள் நவமி. ஆயுசுக்கும் வாயில் இருக்கப்போகிற ஒன்றை அஷ்டமியில் போட்டுக்கொள்வார்களா?

இவரிடம் கேட்டால் நாள் முழுக்க என்னை வைத்துச் சிரிப்பார். அவர் அப்பா ராகு காலத்தில் தாலி கட்டியவர். நாங்கள் கனடாவுக்கு விமானம் ஏறியதும் நவமியில்தான். நான் எவ்வளவோ சொன்னேன். "ராமனே நவமியிலதான பொறந்தான்" என்றார். அதனால்தான் காட்டுக்குப் போனான் என்றேன். கேட்கவில்லை. வந்து என்ன ஆயிற்று? பதினோரு வருடம் கணக்கு டீச்சராக இருந்தவள் இங்கே குழந்தைகளுக்கு மூக்குத் துடைத்துவிடுகிறேன். நவமியால்தான் என்று சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்ல மாட்டேன்.

வதனி அக்காவுக்குப் போன் போட்டேன். சனிக்கிழமை நவமி, ஞாயிறு அவர்களுக்கு விடுமுறை, திங்கள் இடமில்லை. டிசம்பர் இரண்டு, செவ்வாய் தந்தார்.

"ஏன் தங்கச்சி, வேலையோ?"

"நாள் சரியில்லைங்க அக்கா."

"அதுவும் சரிதான். எங்கட அம்மாவும் உப்பிடித்தான். இந்த வருசத்துக்க முடிச்சாப் போதும்தானே?"

"அதேதாங்க. வருசம் முடியறதுக்குள்ளன்னு அவரும் சொன்னார்."

வருடம் முடிய இன்னும் ஒரு மாதம் முழுசாக இருக்கிறது. யாருக்கு என்ன நஷ்டம்?

நவம்பர் 28, வெள்ளி

மதியம் வீட்டிலேயே இருந்தேன். கேப் போடப் போகிறேன் என்று விடுப்பு வாங்கியிருந்ததால் துணியெல்லாம் அடுக்கிவைத்தேன்.

சாயங்காலம் கதவைத் திறந்தவர் ஷூவைக்கூடக் கழற்றவில்லை. "முடிஞ்சுதா?" என்றார்.

அஷ்டமி என்று சொல்லியிருக்கலாம். சிரித்திருப்பார், அவ்வளவுதானே. ஆனால் அவர் நின்ற நிலை என்னவோ மாதிரி இருந்தது. பரீட்சை முடிவு பார்க்க வந்த பையன் மாதிரி. "ஆச்சுங்க" என்று வந்துவிட்டது. வாயைத் திறந்து காட்டச் சொன்னார். பிளாஸ்டிக்கும் பல் நிறம்தான். வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்துவிட்டு, "அசலாட்டமே இருக்குது" என்றார். அப்படியே சோபாவில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார்.

ராத்திரி மூன்று சப்பாத்தி சாப்பிட்டார். இந்த ஒரு மாதத்தில் அவர் இரண்டாவதைத் தாண்டியதில்லை. செவ்வாய்க்கிழமை நிஜமாகவே போட்டுக்கொண்டு வந்துவிட்டால் பொய் தானே உண்மையாகிவிடும். யார் பார்த்தாலும் வித்தியாசம் தெரியப்போவதில்லை.

டிசம்பர் 1, திங்கள்

நேற்று மதியம் கீழே பொதுத் துணி துவைக்கும் அறையில் நானும் அவரும் துணி மடித்துக்கொண்டிருந்தோம். வேறு யாரும் இல்லை. அவருடைய ஆபீஸ் சட்டை ஐந்தையும் இஸ்திரிக்கென்று தனியாக வைத்தேன். அவர் அதை எடுத்து மற்ற துணியோடு சேர்த்தார்.

"இனிமே இதுக்கு இஸ்திரி வேண்டாம் தமயந்தி" என்றார்.

நான் ஏன் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவருக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவரே சொன்னார்.

"தீபாவளிக்கு முந்தின வாரமே அனுப்பிட்டாங்க. எங்க பிரிவுல மொத்தமா. இன்சூரன்ஸ் மட்டும் நவம்பர் கடைசி வரைக்கும் இருக்கும்னாங்க. இன்னியோட அதுவும் முடிஞ்சுது."

யந்திரம் சுற்றிக்கொண்டிருந்தது. உள்ளே யாருடைய பொத்தானோ கண்ணாடியில் டக் டக்கென்று இடித்தது.

"வருசம் முடியறதுக்குள்ளன்னு சொன்னீங்களே" என்றேன்.

"நவம்பருக்குள்ளன்னா ஏன்னு கேப்ப. என்னத்தச் சொல்றது? அன்னிக்கே விசயத்தச் சொல்லியிருந்தா, பாதி நம்ம கையிலிருந்து போகுதேன்னு நீ பல்லப் புடுங்கிட்டு வந்து நின்னுருப்ப. உன்னைப் பத்தி எனக்குத் தெரியாதா? அந்தப் பல்லு முடியட்டும்னுதான் வாய மூடிட்டு நூலகத்துல போய் உக்காந்திருந்தேன். எங்கெங்கயோ எழுதிப் போட்டேன். ஒண்ணும் நகரல. உன் பல்லு ஒண்ணாச்சும் முழுசா முடிஞ்சுதே."

நூலகத்தில் நான் பார்த்தது அவரைத்தான். அன்றைக்கே தெரியும். எலுமிச்சை சாதத்தில் நான் போடுகிற வேர்க்கடலை வரைக்கும் தெரிந்தது. கிட்டே போய்த் தோளைத் தொட்டிருந்தால் அங்கேயே எல்லாம் சொல்லியிருப்பார். நான் தேதியை மாற்றியிருக்க மாட்டேன்.

சொல்லிவிடலாம் என்றுதான் வாயைத் திறந்தேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, வாயைப் பார்த்தார். அந்தப் பல்லைத்தான் பார்த்தார். சட்டையை மடித்தேன். மடித்ததையே பிரித்துத் திரும்பவும் மடித்தேன்.

"கோவமா?" என்றார்.

"இல்லைங்க."

"வேலைன்னு ஒண்ணு கெடைச்சிரும் தமயந்தி."

"கெடைக்குங்க. கெடைக்காம என்ன."

டிசம்பர் 2, செவ்வாய்

காப்பகத்திலிருந்து நேராகப் போனேன். வதனி அக்கா கம்ப்யூட்டரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், திரும்பவும் கம்ப்யூட்டரைப் பார்த்தார். பக்கத்தில் வந்து உட்கார்ந்து மெதுவாகச் சொன்னார்.

"தங்கச்சி, உங்கட கவரேஜ் முப்பதாம் திகதியோட முடிஞ்சு போச்சுதெண்டு காட்டுது. உங்களுக்குத் தெரியுமோ?"

"தெரியுங்க அக்கா. அவர் வேற வேலைக்கு மாறுறார்" என்றேன். எப்படித்தான் இவ்வளவு சுலபமாக வருகிறதோ தெரியவில்லை.

இன்சூரன்ஸ்காரர்கள் பாதி தருவதாகத்தானே எழுதியிருந்தார்கள் என்று கேட்டேன். ஒட்டுகிற நாளில் கவரேஜ் இருந்தால்தான் அந்தப் பதிலுக்கு மதிப்பாம். புது வேலை, புது இன்சூரன்ஸ் என்று வந்தாலும் இதுமாதிரிப் பெரிய வேலைக்குச் சில திட்டங்களில் மாசக்கணக்கில் காத்திருக்க வேண்டுமாம். பல் மருத்துவக் கல்லூரியில் மாணவர்கள் குறைந்த செலவில் செய்வார்கள், ஆனால் வரிசை நீளம் என்றார்.

அப்புறம் நான் கேட்கக் கூடாததைக் கேட்டேன். "வெள்ளிக்கிழமை ஒட்டுனதாப் போட்டு அனுப்ப முடியாதுங்களா அக்கா? நாலு நாள்தான."

அவர் முகம் மாறவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டார். "அது களவு தங்கச்சி. பிடிபட்டா டாக்குத்தரின்ர லைசென்சும் போகும், என்ர வேலையும் போகும். நீங்கள் அண்டைக்குப் போனில ஒரு சொல்லுச் சொல்லியிருந்தா, அஷ்டமியோ நவமியோ, இழுத்துக்கொண்டு வந்தாவது இருத்தியிருப்பனே."

அவருக்கு எப்படிச் சொல்லியிருப்பேன்? எனக்கே யாரும் சொல்லவில்லை.

கேப்பைப் பார்க்கலாமா என்று கேட்டேன். சின்ன டப்பாவில் என் பெயர் ஒட்டி வைத்திருந்தார். கடுகு டப்பியில்கூட அடங்கிவிடும். என் மற்றப் பல்லைப் போலவே லேசான மஞ்சள், ஓரத்தில் ஒரு சின்ன மேடுகூட அப்படியே இருந்தது. பார்க்காமல் செய்தவர்கள் எப்படி இவ்வளவு சரியாகச் செய்தார்களோ. திருப்பிக் கொடுத்துவிட்டேன். என் பாதிக்கென்று எடுத்து வைத்தது இனி வாடகைக்குப் போகட்டும்.

"எடுத்து வைக்கிறன், எறியமாட்டன்" என்றார். "ஆனா உந்தத் தற்காலிகக் கேப் கனநாள் தாங்காது. கடினமா ஒண்டும் கடிக்காதேங்கோ."

டிசம்பர் 3, புதன்

கார்த்திகை. பால்கனியில் விளக்கு வைத்தால் காற்று விடவில்லை, சமையலறை ஜன்னலோரம் வரிசையாக வைத்தோம். நறுமுகை ஒவ்வொன்றாக ஏற்றினாள். எதிர்க் கட்டடத்திலும் ஒரு வீட்டில் விளக்குத் தெரிந்தது.

பொரி உருண்டை செய்ய எனக்கு மனசில்லை. இவரே வெல்லப் பாகு காய்ச்சிப் பிடித்தார். வீட்டில் சும்மாதான இருக்கேன் என்றார், சிரித்துக்கொண்டே. பாகு முற்றிவிட்டது. தட்டில் போட்டால் கோலிக்குண்டு மாதிரி உருண்டது. மகள் ஒன்றைக் கடித்துப் பார்த்துவிட்டு நைசாக வைத்துவிட்டாள்.

அவர் ஒன்றை எடுத்து என்னிடம் நீட்டினார். இடப்பக்கம் வாங்கிக் கடிக்கப் போனேன்.

"அந்தப் பக்கம் எதுக்கு? புதுப் பல்லுல கடி. அதுக்குத்தான போட்டது" என்றார்.

அவர் முகத்தில் விளக்கு வெளிச்சம் இருந்தது. இரண்டு மாதத்துக்குப் பிறகு அந்த முகத்தைப் பார்க்கிறேன். மகளிடம் திரும்பி, "உங்கம்மா பல்ல நான்தான் காப்பாத்துனேன் தெரியுமா?" என்றார்.

வலப்பக்கம் வைத்துக் கடித்தேன்.

பொரியோடு ஏதோ ஒன்று பெயர்ந்து வந்தது. அதற்குப் பின்னாலேயே, சன்னமாக, தீபாவளியன்று கேட்ட அதே சத்தம். நாக்கால் கேப்பையும் பல் துண்டையும் ஒதுக்கிக் கன்னத்தோரம் வைத்துக்கொண்டேன்.

"எப்படி இருக்குது?" என்றார்.

வாயை மூடிக்கொண்டே, நல்லா இருக்குதுங்க என்று தலையாட்டினேன். அவர் இன்னொன்றை எடுத்து நீட்டினார். அதையும் வாங்கிக்கொண்டேன்.